சம்பளப் பட்டியலும் புள்ளிப் பட்டியலும்

ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் வெற்றியைத் தீர்மானிப்பது அது வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளம்தான் என்ற கருத்து இப்போது எங்கள் ஆட்களிடையே முடிந்த முடிவு போலப் பேசப்படுகிறது. மன்செஸ்ரர் சிற்றியையும் செல்சியையும் பற்றி அப்படிப் பேசுவதால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஊர்க் கழகங்களுக்குக் காசு அனுப்பும் சங்கங்களுக்கு இது வெறும் அரட்டை அல்ல. அனுப்பும் காசு மைதானத்துக்கா, பயிற்சிக்கா, அல்லது வெளியூரிலிருந்து ஆட்களை எடுத்துச் சம்பளம் கொடுப்பதற்கா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

நான் உதைபந்தாட்ட நிபுணன் அல்ல. யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்து, இடம்பெயர்ந்து, பல இடம் சுற்றி, இப்போது டுபாயின் அல் கூஸ் கைத்தொழில் பகுதியில் ஒரு நிறுவனத்தின் கணக்குகளோடு இருப்பவன். ஆகவே இந்தக் கேள்வியைக் கணக்குப் புத்தகத்தின் பக்கமிருந்துதான் என்னால் பார்க்க முடியும். சின்னக் கழகங்களைப் பொறுத்தவரை அந்தப் பக்கமிருந்து பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

சம்பளமே வெற்றி என்ற கருத்துக்கு அடிப்படையான ஆய்வு ஒன்று உண்டு. பொருளியலாளர் ஸ்ரெபான் சிமான்ஸ்கி இங்கிலாந்தின் 40 கழகங்களின் கணக்குகளை 1978 முதல் 1997 வரை எடுத்துப் பார்த்தார். கழகங்களின் இடங்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் 92 சதவீதத்தைச் சம்பளச் செலவு விளக்கிவிட்டது. வீரர்களை வாங்குவதற்குக் கொடுத்த மாற்றுக் கட்டணம் விளக்கியது 16 சதவீதத்தை மட்டுமே. பத்திரிகையாளர் சைமன் கூப்பருடன் சேர்ந்து அவர் 2009 இல் வெளியிட்ட நூலின் மூலம் இந்த எண் உலகம் முழுவதும் பரவியது.

இதில் முதலில் கவனிக்கவேண்டியது அந்த 16 தான். பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போடுவது மாற்றுக் கட்டணத்தை. ஆனால் அந்தக் காசு வீரருக்குப் போவதில்லை, மற்றக் கழகத்துக்குப் போகிறது. யாரோ ஒரு முகாமையாளரின் ஆசைக்காகவோ, ஒரு உலகக் கிண்ணத்தில் இரண்டு கோல் அடித்ததற்காகவோ அது ஏறிவிடும். சம்பளம் அப்படியல்ல. ஒப்பந்தம் முடியும்போது வீரரும் அவருடைய முகவரும் பல கழகங்களோடு பேரம் பேசுகிறார்கள். பத்துப் பேர் பார்த்து, பத்துப் பேர் விலை சொல்லி, கடைசியில் நிற்கும் எண் அது. கீழ்மட்ட லீக்குகளில் இது இன்னும் உண்மை. 1995 இல் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த பொஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரர் கட்டணமின்றிப் போகலாம். அங்கே ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம். யூன் 30 ஆம் திகதி வந்தால் பாதி அணி வெளியே போய்விடும். மாற்றுக் கட்டணம் என்ற பேச்சே அங்கு குறைவு. வீரரின் விலை என்றால் அவருடைய சம்பளம்தான்.

இனி அந்த 92 க்கு வருவோம். அது சரியான எண். ஆனால் அது எதை அளந்தது என்பதைப் பார்க்கவேண்டும். அது 20 வருடச் சராசரி. அதில் முதற்பிரிவின் பெரிய கழகங்களும் உண்டு, கீழ்ப்பிரிவுக் கழகங்களும் உண்டு. ஒரு பாடசாலையில் ஆண்டு 1 தொடக்கம் ஆண்டு 13 வரை எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி உயரத்தை அளந்தால், உயரத்தைத் தீர்மானிப்பது வயதுதான் என்று வரும். அதே கேள்வியை ஆண்டு 9 வகுப்பறைக்குள் மட்டும் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அங்கே ஒருவன் நெட்டையாகவும் ஒருவன் கட்டையாகவும் இருப்பதற்கு வயது காரணமல்ல. சின்னக் கழகங்களின் லீக் அந்த ஆண்டு 9 வகுப்பறை மாதிரி. எல்லோரிடமும் காசு குறைவு. ஒருவருக்கொருவர் உள்ள வித்தியாசமும் குறைவு. ஒரு பருவகாலத்தை மட்டும் எடுத்தால் காயங்கள், நடுவரின் தீர்ப்பு, மழையில் சேறான மைதானம், 18 வயதில் திடீரென்று பூக்கும் ஒரு பெடியன் எல்லாம் சேர்ந்து சம்பளத்தின் சொல்லை அமத்திவிடும். சராசரி என்பது இவற்றையெல்லாம் 20 வருடத்தில் கழுவித் துடைத்த பிறகு மிஞ்சுவது.

சம்பள வித்தியாசம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1961 வரை அங்கே வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. கடைசியாக இருந்த வரம்பு கிழமைக்கு 20 பவுண். எவ்வளவு பெரிய கழகமாக இருந்தாலும் அதற்கு மேல் சட்டப்படி கொடுக்கமுடியாது. அந்தக் காலத்தில், 1960 இல், முதற்பிரிவின் சம்பியன் யார் தெரியுமா? பேர்ன்லி. லங்காஷயரின் ஒரு நெசவாலை ஊர். ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்களின் தொழிற்சங்கம் போராடி 1961 சனவரியில் வரம்பை நீக்கியது. சில மாதங்களில் புல்ஹாம் கழகம் ஜொனி ஹேன்சுக்குக் கிழமைக்கு 100 பவுண் கொடுத்தது. பேர்ன்லி அதற்குப் பிறகு சம்பியனாகவில்லை. வரம்பு நீக்கப்பட்டது பிழை என்று நான் சொல்லவரவில்லை. உழைப்பவனுக்கு உரிய கூலியை மறுத்த விதி அது. ஆனால் சின்ன ஊர்க் கழகங்களுக்கு அது ஒரு குடையாக இருந்தது என்பதும் உண்மை.

இப்போது ஒரு சின்னக் கழகத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது நானாகப் போட்ட உதாரணம், எந்தக் கழகத்துடையதும் அல்ல. இங்கிலாந்தின் நான்காம் மட்டமான லீக் ரூவில் ஒரு கழகம். 22 வீரர்கள், ஆளுக்குச் சராசரியாகக் கிழமைக்கு 800 பவுண். வருடத்துக்கு ஒருவருக்கு 41,600. இருபத்திரண்டு பேருக்கு 915,200 பவுண். இதோடு முடியவில்லை. வேலை கொடுப்பவர் கட்டவேண்டிய தேசியக் காப்புறுதி 2025 ஏப்ரல் தொடக்கம் 5,000 பவுணுக்கு மேற்பட்ட சம்பளத்தில் 15 சதவீதம். அது ஒருவருக்கு 5,490, எல்லோருக்கும் 120,780. ஆக வீரர்களுக்கு மட்டும் 1,035,980 பவுண்.

வரவுப் பக்கம்: லீக்கில் 24 கழகங்கள், ஆகவே சொந்த மைதானத்தில் 23 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 2,500 பேர் வருகிறார்கள், ரிக்கற் 18 பவுண் என்று வைப்போம். அதில் பெறுமதிசேர் வரி போக மிஞ்சுவது 15. பெருக்கினால் 862,500. சிறுவருக்கும் முதியவருக்கும் கழிவு கொடுத்தால் இன்னும் குறையும். மைதானம் நிரம்ப ஆட்கள் வந்தும் வாசலில் வாங்கிய காசு வீரர்களின் சம்பளத்துக்கே போதவில்லை. பயிற்றுவிப்பாளர், புல் வெட்டுபவர், மின்சாரம், பஸ், காவல், காப்புறுதி எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. லீக்கிலிருந்து வரும் பங்கு, விளம்பரப் பலகை, தேநீர்க் கடை இவற்றால் ஓரளவு மூடலாம். மிச்சத்தை யாராவது சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தரவேண்டும். சின்னக் கழகத்தின் "சம்பள பட்ஜெற்" என்று நாங்கள் சொல்வதில் பெரும் பகுதி உண்மையில் அந்தச் சட்டைப் பையின் ஆழம்தான்.

இங்கிலாந்து லீக்கின் விதிகளிலும் இது தெரிகிறது. லீக் வன்னில் வருமானத்தின் 60 சதவீதத்துக்கு மேலும், லீக் ரூவில் 50 சதவீதத்துக்கு மேலும் வீரர் சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடாது என்று வரம்பு இருந்து வந்திருக்கிறது. கேட்க நல்ல விதி. ஆனால் உரிமையாளர் திருப்பிக் கேட்காமல் போடும் முதல் "வருமானம்" என்று எண்ணப்பட்டது. அதாவது பணக்கார உரிமையாளர் இருந்தால் வரம்பும் உயரும். 2020 ஓகஸ்டில் லீக் வன்னுக்கு 25 இலட்சம் பவுண், லீக் ரூவுக்கு 15 இலட்சம் பவுண் என்று எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். வீரர்களின் தொழிற்சங்கத்தைச் சரியாகக் கலந்தாலோசிக்கவில்லை என்று நடுவர் மன்றத்துக்குப் போய், 2021 பெப்ரவரியில் அது நீக்கப்பட்டது. ஒரு முழுப் பருவகாலம் கூட நிற்கவில்லை.

கணக்காளன் என்ற முறையில் இங்கே ஒரு விடயம் சொல்லவேண்டும். கீழ்மட்டக் கழகங்களின் சம்பளத்தை வைத்து ஆய்வு செய்வது நினைப்பதை விடக் கடினம். பிரித்தானியச் சட்டத்தில் "சிறிய கம்பனி" என்ற வரையறைக்குள் வந்தால் சுருக்கமான ஐந்தொகையை மட்டும் பதிவு செய்தால் போதும். சம்பளச் செலவை வெளியே காட்டத் தேவையில்லை. பல சின்னக் கழகங்கள் அந்தச் சலுகையைப் பாவிக்கின்றன. காட்டும் கழகங்களிலும் "ஊழியர் செலவு" என்ற ஒற்றை வரிக்குள் கோல்காப்பாளரும் இருப்பார், ரிக்கற் விற்கும் அம்மாவும் இருப்பார். இன்னொன்று, தரமுயர்வு கிடைத்தால் வீரர்களுக்குக் கொடுக்கும் போனசும் அதே வருடச் சம்பளத்தில்தான் பதியப்படும். சம்பளம் கூடியதால் வென்றார்களா, வென்றதால் சம்பளம் கூடியதா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. 92 போன்ற எண்களைக் கேட்கும்போது இந்த முட்டையும் கோழியும் மனதில் இருக்கவேண்டும்.

சரி, கழகங்களைப் பார்ப்போம். காசு வேலை செய்யும் என்பதற்கு றெக்ஸத்தை விடப் பெரிய உதாரணம் இப்போது இல்லை. இரண்டு ஹொலிவூட் நடிகர்கள், ரையன் ரெனோல்ட்சும் றொப் மக்கெல்ஹெனியும், 2021 பெப்ரவரியில் வாங்கிய வேல்ஸ் கழகம். ஐந்தாம் மட்டமான நஷனல் லீக்கில் இருந்தபோதே 2022-23 கணக்கில் ஊழியர் செலவு 69 இலட்சம் பவுண். வருமானம் 105 இலட்சம். நட்டம் 51 இலட்சம். அந்த வருடம் 111 புள்ளிகளோடு சம்பியன். தொடர்ந்து மூன்று வருடம் மூன்று தரமுயர்வு, 2025 இல் இரண்டாம் மட்டம். அவர்களின் உண்மையான கெட்டித்தனம் சம்பளம் கொடுத்தது அல்ல, அந்தச் சம்பளத்துக்கு வருமானம் உண்டாக்கியது என்று நான் நினைக்கிறேன். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் மூலம் அமெரிக்காவிலிருந்து காசு வந்தது. அடுத்த வருடமே வருமானம் 267 இலட்சத்துக்குப் போனது. இதைப் பார்த்து, எங்களிடமும் காசு போட ஆள் இருந்தால் போதும் என்று நினைப்பது தொடரை விட்டுவிட்டு நடிகர்களை மட்டும் பார்ப்பது.

அதே வருடம் றெக்ஸத்துக்கு நான்கு புள்ளி பின்னால், 107 புள்ளிகளோடு வந்தது நொட்ஸ் கவுண்டி. அதன் உரிமையாளர்கள் இரண்டு டென்மார்க் சகோதரர்கள், உதைபந்தாட்டத் தரவு வியாபாரம் செய்பவர்கள். அந்த லீக்கில் நேரடித் தரமுயர்வு ஒரு கழகத்துக்கு மட்டுமே. 107 புள்ளி எடுத்த அணி மேலதிக ஆட்டங்களில் போராடித்தான் மேலே போனது.

சல்போர்ட் சிற்றியின் கதை வேறு. மன்செஸ்ரர் யுனைட்டட்டின் முன்னாள் நட்சத்திரங்கள் 2014 இல் வாங்கிய கழகம். ஐந்து வருடங்களில் நான்கு தரமுயர்வு. 2019 இல் லீக் ரூவுக்கு வந்தார்கள். பிறகு? 2025 வரை அங்கேயே. கீழே இருந்தபோது மற்றக் கழகங்கள் பகுதிநேர வீரர்களை வைத்திருந்தன. கொஞ்சக் காசு பெரிய வித்தியாசம் காட்டியது. எல்லோரும் முழுநேர வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் மட்டத்துக்கு வந்ததும் அதே காசு சாதாரணமாகிவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் அக்ரிங்டன் ஸ்ரான்லி. பேர்ன்லிக்குப் பக்கத்து ஊர். பழைய கழகம் 1962 இல் காசில்லாமல் லீக்கை விட்டு விலகியது. 1968 இல் மீண்டும் உருவாகி, 2006 இல் லீக்குக்குத் திரும்பியது. வீட்டு ஆட்டத்துக்கு வருபவர்கள் 2,000 பேர் அளவில். ஜோன் கோல்மன் பயிற்றுவிப்பாளராக இருந்தபோது 2017-18 இல் லீக் ரூவின் சம்பியன். லீக்கிலேயே மிகக் குறைந்த செலவு செய்யும் கழகங்களில் ஒன்று சம்பியனானது. அதற்கு மேல் லீக் வன்னில் ஐந்து பருவகாலங்கள் நின்று, 2023 இல் திரும்பக் கீழே வந்தது. இதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. 2,000 பேர் பார்க்கும் கழகம் சண்டர்லாந்துக்கும் போட்ஸ்மத்துக்கும் எதிராக ஆடியது தோல்வி என்றால் வெற்றி எது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் சராசரி தன் வேலையைச் செய்துவிட்டது என்பதையும் மறைக்கமுடியாது. மேல் மட்டத்தில் சம்பள இடைவெளி பெரிது. ஒரு வருடம் தாக்குப்பிடிக்கலாம், இரண்டு வருடம் பிடிக்கலாம்.

எங்களுக்குக் கிட்ட உள்ள உதாரணம் இந்தியாவின் ஐ-லீக். 2017, 2018, 2019 ஆகிய மூன்று வருடங்களும் அங்கே சம்பியனானவை சின்னக் கழகங்கள்: ஐசோல், மினர்வா பஞ்சாப், சென்னை சிற்றி. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் பார்த்துக்கொண்டிருந்தன. இது தற்செயல் அல்ல. 2014 இல் ஐ.எஸ்.எல். தொடங்கி, பெரிய காசும் பெரிய சம்பளமும் அந்தப் பக்கம் போயின. கோவாவின் பழைய கழகங்கள் சில ஐ-லீக்கை விட்டே விலகின. எஞ்சியவர்களுக்கிடையே இடைவெளி குறைந்தது. வகுப்பறை ஒரே வயதுப் பிள்ளைகளால் நிரம்பியது.

மிசோரத்தின் ஐசோல் 2016 இல் தரமிறக்கப்பட்ட கழகம். மற்றவர்கள் விலகியதால் திரும்பச் சேர்க்கப்பட்டது. காலித் ஜமீல் பயிற்றுவிப்பாளராக வந்தார். அடுத்த வருடமே 37 புள்ளி, மோகன் பகான் 36, கிண்ணம் ஐசோலுக்கு. கிண்ணம் வாங்கிய கையோடு ஜமீலை ஈஸ்ட் பெங்கால் எடுத்துக்கொண்டது. சிரியாவைச் சேர்ந்த மத்தியகள வீரர் அல் அம்னாவும் அங்கே போனார். (ஜமீல் 2025 இல் இந்தியத் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரானார்.)

சென்னை சிற்றி பெயரில்தான் சென்னை. ஆடியது கோயம்புத்தூர் நேரு மைதானத்தில். 2017-18 இல் பத்துக் கழகங்களில் எட்டாவது இடம். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்றுவிப்பாளர். அவர்கள் பிடித்த வழி கணக்காளன் மனதுக்குப் பிடித்த வழி. பெயர் பெற்ற வெளிநாட்டு வீரரைத் தேடவில்லை. ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில், அதிகம் சம்பளமில்லாமல் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மன்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ போன்றவர்களை எடுத்தார்கள். ஒரு சந்தையில் மலிவாக இருக்கும் திறமை இன்னொரு சந்தையில் முதல்தரம். மன்சி 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9 இல் மினர்வாவை 3-1 என வென்று 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. சுவிற்சர்லாந்தின் பாசல் கழகம் அந்த வருடம் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அதற்குப் பிறகு கோர்டில்லோ ஐ.எஸ்.எல்லின் ஹைதராபாத்துக்கும், மன்சி 2020 சனவரியில் யப்பானுக்கும் போனார்கள். 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிற்றி என்ற அணியே இல்லை. சம்பியனாகி மூன்று வருடத்துக்குள்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். சின்னக் கழகம் குறைந்த சம்பளத்தில் வெல்லலாம், வென்றிருக்கிறார்கள். ஆனால் வென்ற மறுநாளே அந்த வீரர்களின் விலை மாறிவிடுகிறது. மலிவாகக் கண்டுபிடித்தவர்களைத் தக்கவைக்கக் காசு வேண்டும், அல்லது அடுத்த மன்சியைக் கண்டுபிடிக்கும் ஆட்கள் கழகத்தில் இருக்கவேண்டும். முதலாவது இல்லாத கழகத்துக்கு இரண்டாவதாவது இருக்கவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கிண்ணம் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும், கழகம் இருக்காது.

அதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு: சம்பளத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கொடுக்கமுடியாமல் போவது. இங்கிலாந்தின் பெரி கழகம் 1885 இல் தொடங்கியது, 1900 இலும் 1903 இலும் எப்.ஏ. கிண்ணம் வென்றது. 2018 டிசம்பரில் ஒரு பவுணுக்குக் கைமாறியது. ஒரு பவுண் என்றால் மலிவு அல்ல; கடனோடு சேர்த்து வாங்குவது. 2019 வசந்தத்தில் வீரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அந்த நிலையிலும் அந்த அணி லீக் ரூவில் இரண்டாவதாக வந்து தரமுயர்வு பெற்றது. 2019 ஓகஸ்ட் 27 இல் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. புள்ளிப் பட்டியலில் மேலே, சம்பளப் பட்டியலில் வெறுமை. வருமானத்துக்கு மேல் சம்பளம் எழுதி அணியைக் கட்டினால் வெற்றி வரலாம் என்பதற்கும், அது எவ்வளவு காலத்துக்கு என்பதற்கும் பெரி ஒரே சாட்சி.

இங்கே அமீரகத்தில் 2009 தொடக்கம் ஊதியப் பாதுகாப்பு முறைமை இருக்கிறது. அல் கூஸில் தச்சுப் பட்டறையாக இருந்தாலும் வாகனத் திருத்துமிடமாக இருந்தாலும் மாதாமாதம் சம்பளத் தகவல் கோப்பு வங்கி வழியாகப் போகவேண்டும். பிந்தினால் அமைச்சின் கணினிக்குத் தெரியும். புதிய தொழில் அனுமதிகள் நிற்கும். அந்தக் கோப்பைத் தயாரிப்பது என் மாதாந்த வேலைகளில் ஒன்று. 25 ஆம் திகதி தொடக்கம் முதலாளி என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: கையில் எவ்வளவு இருக்கிறது? இலாபம் எவ்வளவு என்று அந்தக் கிழமையில் அவர் கேட்டதே இல்லை. கழகங்களிடமும் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். பட்ஜெற் எவ்வளவு என்பதல்ல, மார்ச் மாதச் சம்பளம் இப்போது எங்கே இருக்கிறது என்பது.

எங்கள் பக்கத்து நாடுகளில் இன்னொரு சிக்கல்: சம்பளம் கழகத்தின் புத்தகத்திலேயே இருக்காது. தமிழ்நாட்டில் இந்தியன் வங்கி, ரயில்பெட்டித் தொழிற்சாலை போன்ற அணிகள் வீரருக்குக் கொடுத்தது நிரந்தர வேலை. இலங்கையில் 2021 இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் டிபென்டர்ஸ் தரைப்படையின் அணி, புளூ ஈகிள்ஸ் விமானப்படையின் அணி, சீ ஹோக்ஸ் கடற்படையின் அணி. அந்த வீரருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் அரசிடமிருந்து. கழகத்தின் கணக்கில் சம்பளச் செலவு சொற்பமாகத் தெரியலாம். உண்மையில் அதை விடப் பெரிய பட்ஜெற் கொண்ட கழகம் நாட்டில் இல்லை. எங்கள் பெடியள் அந்த வழியால் போகாததற்கான காரணங்கள் வாசகர்களுக்குத் தெரிந்தவை. குருநகர், நாவாந்துறை, இளவாலை, மன்னார் பள்ளிமுனை போன்ற இடங்களின் அணிகள் இதற்கு எதிரே எதை வைத்து ஆடின? கடற்கரை மணலில் ஐந்து வயதில் தொடங்கும் விளையாட்டு, கோயிலடி மைதானம், சொந்தக்காரர் பந்தயம் பார்க்க வரும் கூட்டம். இவற்றுக்கும் ஒரு பெறுமதி உண்டு, ஆனால் எந்த ஐந்தொகையிலும் எழுதமுடியாது. மண்டபம் முகாமில் நான் இருந்த காலத்தில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, பந்தும் ஒன்றுதான். அங்கே சப்பாத்து வைத்திருந்தவர்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வென்றது என்று சொல்ல ஆசை. வெறுங்காலோடு ஆடிய மீனவப் பெடியள்தான் அதிகம் வென்றார்கள்.

கேரளச் சகோதரர்களின் எழுவர் ஆட்டம், அவர்கள் சொல்லும் "செவன்ஸ்", இன்னொரு மாதிரி. மலப்புறத்தில் ஆபிரிக்க வீரர்களை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள். ஆட்டம் முடிய காசு கைக்கு வரும், கணக்கு முடிந்தது. கொண்டாட்டமாக நல்லது, கூட்டம் வரும், ரிக்கற் விற்கும். ஆனால் அந்தச் செலவால் உள்ளூரில் ஒரு வீரன் வளர்ந்தானா என்பது வேறு கேள்வி.

இனி எங்கள் விடயம். எங்கள் ஊர்ச் சங்கத்தின் கணக்கு என்னிடம் இருப்பதால் எனக்கு வந்த கோரிக்கையின் எண்களைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். வெளியூர் வீரர்கள் ஆறு பேர், ஆளுக்கு மாதம் 40,000 ரூபா, பத்து மாதம். 24 இலட்சம் ரூபா. மாதச் சம்பளம் என்று முறையாகக் கொடுத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கழகம் கட்டவேண்டும் என்பதை ஒருவரும் எழுதவில்லை; அது இன்னும் 3 இலட்சத்து 60 ஆயிரம். தங்குமிடம், சாப்பாடு தனி. சங்கத்தில் 31 பேர் பெயர் இருக்கிறது. மாதாமாதம் தவறாமல் போடுபவர்கள் 14 பேர். அதில் நான்கு பேர் அல் கூஸிலும் சோனாப்பூரிலும் தொழிலாளர் விடுதிகளில் இருப்பவர்கள். அவர்களுடைய வேலை போனால் அங்கே ஒரு பின்கள வீரரின் சம்பளமும் போகும்.

அந்த ஆறு பேரால் மாவட்ட லீக்கில் இரண்டு மூன்று இடம் ஏறலாம், ஏறமாட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சல்போர்ட் ஏறிய மாதிரி, கீழ் மட்டத்தில் கொஞ்சக் காசு வேகமாக வேலை செய்யும். பக்கத்து ஊரும் கனடாவில் ஆட்களை வைத்திருக்கிறது என்பதுதான் பிரச்சினை. அவர்களும் ஆறு பேரை எடுப்பார்கள். அடுத்த வருடம் அதே ஆறு பேருக்கு 60,000 கேட்கும். இரண்டு ஊரும் பழைய இடத்திலேயே நிற்கும், செலவு மட்டும் கூடியிருக்கும். முன்பு அந்த ஆறு இடங்களில் ஆடிய எங்கள் ஊர்ப் பெடியள் கரையில் இருந்து பார்ப்பார்கள்.

நான் எழுதிக் கொடுத்த மாற்றுத் திட்டம் பெரிய விடயம் அல்ல. தகுதிச் சான்றிதழ் உள்ள ஒரு பயிற்றுவிப்பாளர், 14 வயதுக்கும் 16 வயதுக்கும் உட்பட்ட இரண்டு அணிகள், மைதானத்துக்குத் தண்ணீர், மாலைப் பயிற்சிக்கு நான்கு விளக்குக் கம்பம். முதல் வருடம் 15 இலட்சத்துக்குள் முடியும். கம்பங்கள் போட்டபின் அடுத்த வருடங்களில் அதில் முக்கால்வாசி போதும். பயிற்றுவிப்பாளரின் பத்து மாதச் சம்பளம் முழுவதும் வங்கியில் சேர்ந்த பிறகே அவருக்கு நியமனக் கடிதம். இந்தத் திட்டத்தில் மூன்று வருடத்துக்குக் கிண்ணம் வராது என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன். அந்த வரியை எடுத்துவிட்டால் ஆட்கள் இலகுவாகச் சம்மதிப்பார்கள் என்று செயலாளர் சொன்னார். எடுக்கவில்லை. இதுவரை பதினொரு பேர் ஆம் என்றும், ஏழு பேர் ஆறு வீரர்களையே எடுப்போம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மிச்சப் பதின்மூன்று பேரின் பதில் வரவேண்டும்.